ஷாலோம் ஸாகார் இரவுக்கு முன்கூட்டியே செய்து ஃப்ரீசரில் வைக்கும் பலகாரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடக்கு லண்டனில் யூதக் குடும்பங்கள் நெருங்கி வாழும் ஒரு பகுதியில், கோஷர் (யூத உணவுச் சட்டத்துக்கு உட்பட்ட) பேக்கரி ஒன்றில் நான் பல ஆண்டுகள் மாவு பிசையும் மேசையில் வேலை செய்தேன். அங்கே புதிதாகச் சேர்ந்த தமிழ்ப் பெண்களும், அக்கம்பக்கத்து வீடுகளில் குழந்தை பார்த்துக்கொள்ளும் சகோதரிகளும், யூத அயலாருடன் நட்பாகப் பழகும் நம் குடும்பத்தினரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். சமயச் சட்டம் தொடர்பான இடங்களில் நான் சொல்வது அங்கே கண்டும் கேட்டும் அறிந்த பொது வழக்கம் மட்டுமே. ஒரு குடும்பத்தின் முடிவு அந்தக் குடும்பத்தின் ரபி, அதாவது யூத சமய ஆசான், சொல்வதுதான்.

ஷாலோம் ஸாகார் என்பது என்ன? விருந்தா, சடங்கா?

ஆண் குழந்தை பிறந்த பின் வரும் முதல் வெள்ளிக்கிழமை இரவு, ஷப்பாத் (வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையான யூத ஓய்வுநாள்) சாப்பாடு முடிந்ததும் உற்றாரும் அயலாரும் அந்த வீட்டுக்கு வந்து, குழந்தையை வாழ்த்தி, பாடி, சிறிதளவு பலகாரம் சாப்பிட்டுச் செல்லும் கூடுகையே ஷாலோம் ஸாகார். எட்டாம் நாள் நடக்கும் விருத்தசேதனமான பிரித் மிலாவுக்கு முன்னால் வருவது இது. மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களின் வழக்கம்; ஸ்பானிய வழிவந்த ஸெபார்டி குடும்பங்கள் பலவும் பிரித் மிலாவுக்கு முந்தைய இரவில் கூடுகின்றன.

16ஆம் நூற்றாண்டில் கிராகோவில் வாழ்ந்த ரபி மோஷே இஸர்லெஸ் தம் சட்டக் குறிப்பில் இவ்வழக்கத்தைப் பதிவு செய்து, அங்கே போய் எதையேனும் சுவைப்பதும் சமயக் கடமை சார்ந்த விருந்தே என்கிறார். 'சுவைப்பது' என்ற அந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இது முழுச் சாப்பாடு அன்று. எல்லாரும் தத்தம் வீட்டில் வயிறு நிறைய உண்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

மேசையில் என்னென்ன வைப்பார்கள்?

கட்டாயமாக இருப்பது வேகவைத்த கொண்டைக்கடலை. அஷ்கெனாசி யூதர்களின் பேச்சுமொழியான இத்திய (யித்திஷ்) மொழியில் அதை ஆர்பெஸ் என்பார்கள். உப்பும் நிறைய மிளகுத்தூளும் மட்டும் தூவுவார்கள். தாளிப்போ தேங்காயோ கிடையாது. ஆயினும், சுண்டல் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கிண்ணத்தைப் பார்த்தால் அந்நியமாகவே தோன்றாது. அதனுடன் பீர், சோடா, பழங்கள், ருகெலாஹ், கோகோஷ், பாப்கா, பிஸ்கட் வகைகள் இருக்கும். ருகெலாஹ் என்பது பிறை வடிவில் சுருட்டிய சிறு இனிப்பு. கோகோஷ் கோகோ பூசித் தட்டையாகச் சுருட்டிய ஈஸ்ட் கேக். பாப்கா அதே போன்ற சுருளை முறுக்கி ரொட்டி அச்சில் வைத்துச் சுடுவது.

கடலை ஏன் என்பதற்கு அழகான விளக்கம் ஒன்று உண்டு. கருவில் இருக்கும் குழந்தைக்கு யூத வேதமான தோரா முழுவதும் கற்பிக்கப்படுகிறது என்றும், பிறக்கும் நேரத்தில் தேவதூதர் வந்து வாயில் தட்ட அது அனைத்தையும் மறந்துவிடுகிறது என்றும் பழைய யூதச் சட்ட, மரபுத் தொகுப்பான தால்மூத் சொல்கிறது. மறந்துபோன அந்தக் கல்விக்காகக் குழந்தையைத் தேற்றவே மக்கள் வருகிறார்கள் என்பர். துக்க வீட்டில் உருண்டையான பருப்பு வகைகளை உண்பது பழைய யூத மரபு. பிறப்பின் மகிழ்ச்சிக்கு நடுவே அந்தச் சிறு துக்கத்துக்கும் ஒரு கிண்ணம் ஒதுக்கியிருப்பது, எத்தனை முறை கேட்டாலும் என் நெஞ்சைத் தொடுகிறது.

வெள்ளிக்கிழமையே சுட்டுக்கொண்டால் போதாதா? ஃப்ரீசர் எதற்கு?

ஷப்பாத்தில் சமைப்பதும் சுடுவதும் தீ மூட்டுவதும் இல்லை. சூரியன் மறைவதற்குப் பொதுவாக 18 நிமிடங்களுக்கு முன் மெழுகுவத்தி ஏற்றிவிடுவார்கள்; அதற்குள் எல்லா வேலையும் முடிந்திருக்க வேண்டும். லண்டனில் டிசம்பர் மாதம் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். குழந்தை புதன்கிழமை பிறந்து, தாய் வியாழக்கிழமை மாலை வீடு திரும்பினால், வெள்ளிக்கிழமை காலையில் அந்த வீட்டில் யார் மாவு பிசைவது? ஷப்பாத்துக்கே மூன்று வேளைச் சாப்பாடு தயாராக வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. பிள்ளை பெற்றவள் அன்று அடுப்படிப் பக்கம் வராமல் இருப்பதற்குத்தான் ஃப்ரீசர். எந்தப் பலகாரத்தைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்பும்போதெல்லாம் இந்த ஒன்றை வைத்தே நான் முடிவு செய்வேன்.

குழந்தை பிறக்கும் முன்னரே பலகாரம் செய்து வைக்கலாமா? ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாதே?

பல அஷ்கெனாசி குடும்பங்களில் பிறப்பதற்கு முன் தொட்டில் வாங்குவதையும் துணி வாங்குவதையும் தவிர்ப்பார்கள். வளைகாப்பு போன்ற விழாவும் இல்லை. எனவே "இது ஷாலோம் ஸாகாருக்கு" என்று வெளிப்படையாகச் சொல்லிச் செய்வதைப் பெரும்பாலோர் விரும்புவதில்லை. ஆனால் கேக் செய்து ஃப்ரீசரில் வைப்பதை யாரும் தவறாக எண்ணுவதில்லை, ஏனெனில் அது எந்த ஷப்பாத்துக்கும் பயன்படும் பொருள். பொட்டலத்தின் மேல் நிகழ்ச்சியின் பெயரை எழுதாமல், பலகாரத்தின் பெயரையும் தேதியையும் மட்டும் எழுதுங்கள். உதவி செய்ய வந்த நாம் வாய் தவறி விழாவின் பெயரைச் சொல்லாமல் இருப்பதும் ஒரு மரியாதை.

பெண் குழந்தை பிறந்தால், ஒரு ஷப்பாத் காலையில் ஜெப ஆலயத்திலோ வீட்டிலோ கித்தூஷ் என்னும் சிற்றுண்டிக் கூடுகை நடத்துவார்கள். அதே ருகெலாஹும் அதே கேக்கும் அங்கே போகும். செய்தது எதுவும் வீணாகாது.

எத்தனை மாதம் முன்னதாகத் தொடங்கலாம்?

எட்டாம் மாதத் தொடக்கம் நல்ல நேரம். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் உணவு நெடுநாள் கெடாது. ஆனால் சுவையும் மென்மையும் கருதினால் ஈஸ்ட் கேக்குகளை 2 முதல் 3 மாதங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். ஆறாம் மாதத்திலேயே ஆர்வத்தில் சுட்டு அடுக்கியவர்கள், கடைசியில் உலர்ந்த பாப்காவை விருந்தினருக்கு வைக்க நேர்ந்து வருந்தியதைக் கண்டிருக்கிறேன்.

வெண்ணெய் சேர்த்தால் இன்னும் சுவையாக இருக்குமே, ஏன் கூடாது என்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் பெரும்பாலும் கோழியோ மாட்டிறைச்சியோ இருக்கும். இறைச்சி உண்ட பின் பால் பொருள்களைத் தொட ஒரு குறிப்பிட்ட நேரம் காத்திருக்க வேண்டும். பலருக்கு அது 6 மணி நேரம், ஜெர்மானிய வழியினருக்கு 3 மணி நேரம், டச்சு வழியினருக்கு 1 மணி நேரம். சாப்பிட்டுவிட்டு நேரே வரும் விருந்தினர் முன் வெண்ணெய் சேர்த்த கேக்கை வைத்தால் பலரால் தொடவே முடியாது. ஆகவே பாலும் இறைச்சியும் கலவாத, பார்வே எனப்படும் வகைதான் இந்த மேசைக்கு ஏற்றது. சாக்லெட், மார்ஜரின், பிஸ்கட் தூள் ஆகியவற்றின் உறையில் கோஷர் முத்திரையுடன் பார்வே என்றும் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குவார்கள்.

சுவை குறையும் என்று அஞ்ச வேண்டாம். எண்ணெயில் செய்த ஈஸ்ட் ருகெலாஹ் ஃப்ரீசரிலிருந்து வெளியே வந்ததும் வெண்ணெய் சேர்த்ததைவிட மென்மையாகவே இருக்கும், ஏனெனில் குளிரில் வெண்ணெய் இறுகுவது போல் எண்ணெய் இறுகுவதில்லை. என் கணக்கு இது: மைதா 500 கிராம், உடனடி ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 100 கிராம், எண்ணெய் 100 மில்லி, முட்டை 1, வெதுவெதுப்பான நீர் ஏறத்தாழ 170 மில்லி, உப்பு அரைத் தேக்கரண்டி. முட்டையைத் தனிக் கிண்ணத்தில் உடைத்து இரத்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாவில் சேர்க்க வேண்டும். மாவைப் பூச்சி இல்லாமல் சலிக்கவும் வேண்டும். பிசைந்த மாவு இரு மடங்கு உப்பியதும் மூன்று உருண்டைகளாக்கி, ஒவ்வொன்றையும் வட்டமாகத் தேய்த்து, எண்ணெய் தடவி, 50 கிராம் கோகோவும் 150 கிராம் சர்க்கரையும் சிறிது பட்டைத்தூளும் கலந்த பொடியைத் தூவி, 16 முக்கோணங்களாக வெட்டி அகன்ற பக்கத்திலிருந்து சுருட்டுங்கள். 48 துண்டுகள் வரும். அரை மணி நேரம் வைத்திருந்து 180 டிகிரியில் 15 முதல் 18 நிமிடங்கள் சுட்டு, சூடாக இருக்கும்போதே சர்க்கரைப் பாகு பூசுங்கள். அந்தப் பாகுதான் ஃப்ரீசரின் வறட்சியிலிருந்து மேற்பரப்பைக் காக்கிறது.

எந்தப் பலகாரம் ஃப்ரீசரைத் தாங்கும், எது தாங்காது?

கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்தவை நன்றாகத் தாங்கும். ருகெலாஹ், கோகோஷ், பாப்கா, பிரௌனி, எண்ணெயில் செய்த தேன் கேக், பாதாம் பிஸ்கட், சாக்லெட் துண்டு போட்ட பிஸ்கட் எல்லாம் தைரியமாக வைக்கலாம். பாலில்லாத கிரீமை அடித்துச் செய்த ஐஸ்கிரீம் கேக்கும் நன்றாக நிற்கும், ஆனால் அதைச் சரியான வேளையில் எடுத்து வெட்டிப் பரிமாற ஒருவர் வேண்டும். இரவு 9 மணிக்கு வீடு நிறைந்த கூட்டத்தில் அது தேவையில்லாத தொல்லை என்பது என் கருத்து.

மாவுப்பொருளால் கெட்டியாக்கிய கஸ்டர்ட், உருகும்போது நீர் விட்டுப் பிரிந்துவிடும். முட்டை வெள்ளையில் செய்த மெரெங் ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கும். ஐசிங் சர்க்கரையை முன்னதாகத் தூவினால் அது கரைந்து காணாமல் போகும். வெள்ளிக்கிழமை மதியம் தூவிக்கொள்ளலாம். பிரெட்ஸல், வறுத்த பருப்பு போன்ற மொறுமொறுப்பானவற்றுக்கு ஃப்ரீசரே வேண்டாம், காற்றுப்புகாத டப்பா போதும்.

எப்படிக் கட்டி வைப்பது?

முதலில் முழுவதுமாக ஆற விடுங்கள். இளஞ்சூட்டுடன் கட்டினால் ஆவி உறைந்து பனித்துகளாகிப் பலகாரத்தின் மேல் படியும். பின்பு அதுவே நீராகி மேற்பரப்பை ஊற வைக்கும். ஆறியதும் தட்டில் ஒன்றையொன்று ஒட்டாமல் பரப்பி இரண்டு மணி நேரம் உறைய வைத்து, பிறகு பைகளில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூட வேண்டும். கேக்குகளுக்கு ஒட்டும் பிளாஸ்டிக் தாள் ஒரு சுற்று, அதன்மேல் அலுமினியத் தாள் ஒரு சுற்று.

அந்த வீட்டு ஃப்ரீசரில் இறைச்சியும் இருக்கும் என்பதால் பொட்டலத்தின் மேல் பார்வே என்று தெளிவாக எழுதுவது இன்றியமையாதது. கொட்டை வகை சேர்த்திருந்தால் அதையும் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அதை எடுப்பவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

வெளியே எடுத்ததும் கேக் நசநசத்துப் போகிறதே?

கட்டைப் பிரிக்காமல் அப்படியே அறை வெப்பத்தில் வையுங்கள். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பரப்பில் படியத்தான் செய்யும். கட்டு இருந்தால் அது தாளின் மேல் படியும், இல்லையென்றால் கேக்கின் மேல் படியும். ருகெலாஹ் ஒரு மணி நேரத்தில் தயாராகும், முழு பாப்காவுக்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும்.

முதல் நாளே எடுத்து ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்றும் கேட்பார்கள். வேண்டாம். சுட்ட மாவிலுள்ள மாச்சத்து உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்தான் விரைவாக இறுகிக் கேக்கைப் பழையதாக்குகிறது. மைனஸ் 18 டிகிரியில் அந்த மாற்றம் ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே ஃப்ரிட்ஜில் தங்கவிடாமல், ஃப்ரீசரிலிருந்து நேரே மேசைக்குக் கொண்டுவருவதே நல்லது.

கொண்டைக்கடலையையும் உறைய வைக்கலாமா?

தாராளமாக. 12 மணி நேரம் ஊறவைத்து, குழையாமல் மெத்தென்று வேகவைத்து, நீரை நன்றாக வடித்து, அகன்ற தட்டில் பரப்பி விரைவாக ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரீசருக்கு அனுப்பிவிடுங்கள். குவியலாக வைத்தால் நடுவில் சூடு தங்கிப் புளித்துவிடும். 500 கிராம் உலர்ந்த கடலை வெந்ததும் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வரும். சிறு கிண்ணத்தில் அள்ளிக் கொறிப்பதற்கு 20 பேருக்குப் போதும். மிளகைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், ஃப்ரீசரில் அதன் மணம் மங்கிவிடும்.

வெள்ளிக்கிழமை மதியம் கொதிநீரில் ஒரு முறை போட்டெடுத்து, உப்பும் மிளகும் தூவினால் புதிதாக வெந்தது போலவே இருக்கும். சூடாகவே வேண்டும் என்பவர்கள் ஷப்பாத் தொடங்கும் முன்னரே மின்தட்டின் மேல் வைத்து இரவு வரை அப்படியே விட்டுவிடுவார்கள்.

எத்தனை பேர் வருவார்கள் என்று எப்படிக் கணக்கிடுவது?

கணக்கிட முடியாது. தனி அழைப்பு இல்லை. ஜெப ஆலயத்தில் அறிவிப்பார்கள், விரும்பியவர் வருவார். மழை பெய்தால் 15 பேர், நல்ல இரவானால் 60 பேர். கோடையில் லண்டனில் இரவு 9 மணிக்குப் பிறகே சூரியன் மறைவதால் சாப்பாடு முடிந்து விருந்தினர் வரவே 11 மணி ஆகிவிடும். அப்போது அதிகம் சாப்பிட மாட்டார்கள்.

எனவே பெரிய பொட்டலமாகக் கட்டாதீர்கள் என்பதுதான் என் விடை. 20 துண்டுகள் கொண்ட சிறு பைகளாகக் கட்டினால், பாதியை வெள்ளிக்கிழமை மதியம் எடுத்துவிட்டு, மீதியைத் தேவைப்பட்டால் இரவில் எடுக்கலாம்.

ஷப்பாத் தொடங்கிய பிறகு ஃப்ரீசரைத் திறக்கலாமா? சூடு செய்யலாமா?

அன்றே உண்பதற்காக, சுட்ட பலகாரத்தை எடுக்கலாம். ஆனால் கதவைத் திறந்தால் விளக்கு எரியும் ஃப்ரீசராக இருந்தால், அந்த விளக்கை ஷப்பாத்துக்கு முன்னரே கழற்றியோ நிறுத்தியோ வைத்திருக்க வேண்டும். பையில் அச்சிட்ட எழுத்துகளைக் கிழிக்காமல் திறப்பதிலும் சிலர் கவனமாக இருப்பார்கள். சாதாரண ஜிப் பை இருந்தால் இந்தச் சிக்கலே எழாது. அடுத்த நாள் இரவுக்கு வேண்டியதை இன்றே எடுத்து வைப்பது கூடாது, ஏனெனில் ஷப்பாத்தில் பின்னாளுக்கான ஏற்பாடு செய்வதில்லை.

சூடு செய்வதற்கான விதிகள் நுட்பமானவை. ஈரமுள்ள ஆறிய உணவை அன்று மீண்டும் சூடாக்குவதில்லை. அறை வெப்பத்திலேயே சுவைக்கும் பலகாரங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இந்தக் கேள்வியே வராது.

சுருட்டிய பச்சை மாவை உறைய வைத்து, அன்று புதிதாகச் சுட்டால் மணமாக இருக்குமே?

மணம் உண்மைதான். ஆனால் அதற்கு வெள்ளிக்கிழமை மதியம் அடுப்பும் காலியாக இருக்க வேண்டும், ஆளும் இருக்க வேண்டும். நேரம் தவறினால் அந்த மாவு வெறும் சுமை: சூரியன் மறைந்த பின் அதைச் சுட முடியாது, உண்ணத் தகாத பச்சை மாவு என்பதால் பெரும்பாலோர் அதைத் தொடக்கூட மாட்டார்கள். சுட்டு வைத்ததையே நான் பரிந்துரைக்கிறேன்.

ஃப்ரீசருக்காக ஒரே தடவையில் இரண்டு கிலோ மாவு பிசையும்போது ஏதோ துண்டு எடுத்து எரிக்கிறார்களே, அது என்ன?

அது ஹல்லா பிரித்தல். எருசலேம் ஆலயக் காலத்தில் குருக்களுக்குக் கொடுத்த பங்கின் நினைவாக, பெரிய அளவில் பிசையும் மாவிலிருந்து ஒரு சிறு உருண்டையைத் தனியே எடுத்து எரித்தோ சுற்றிக் கட்டியோ அப்புறப்படுத்துவார்கள். பரவலாகப் பின்பற்றும் கணக்கில், ஏறத்தாழ 1.2 கிலோ மாவிலிருந்து ஆசிமொழி இல்லாமலும், 1.67 கிலோவிலிருந்து ஆசிமொழியுடனும் பிரிப்பார்கள். மேலே சொன்ன 500 கிராம் கணக்கில் தனித்தனியாகப் பிசைந்தால் பொதுவாக இது தேவைப்படாது. மூன்று மடங்காகச் செய்தால் வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டுவிடுங்கள்.

நான் யூதர் இல்லை. என் வீட்டில் செய்து கொண்டுபோய்க் கொடுக்கலாமா?

மனம் நல்ல மனம், ஆனால் வேண்டாம். பொருள்கள் அனைத்தும் சைவமாக இருந்தாலும், நம் அடுப்பும் பாத்திரங்களும் கோஷர் அல்ல என்பதால் அதை அவர்கள் உண்ண முடியாது. மறுக்க அவர்களுக்கும் சங்கடம். நான் வேலை செய்த பேக்கரியிலேயே அடுப்பைப் பற்றவைப்பவர் ஒரு யூதராக இருப்பார், அதன் பின்னர்தான் நாங்கள் தட்டுகளை உள்ளே தள்ளுவோம்.

அவர்களுடைய சமையலறையில், அவர்கள் மேற்பார்வையில் உருட்டிக் கொடுக்கலாம், பொட்டலம் கட்டலாம், பாத்திரம் கழுவலாம். கையில் ஏதேனும் கொண்டுபோக வேண்டுமென்றால் வெட்டாத முழுப் பழங்களோ, முத்திரையுள்ள உறை பிரிக்காத கோஷர் இனிப்போ வாங்கி, வெள்ளிக்கிழமை மாலைக்கு முன்பே சேர்த்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் குழந்தை பிறந்தால்? தாயும் சேயும் மருத்துவமனையில் இருந்தால்?

அதே இரவில் ஷாலோம் ஸாகார் நடக்கும். தாயும் குழந்தையும் மருத்துவமனையில் இருக்க, தந்தையோ தாத்தாவோ வீட்டில் விருந்தினரை வரவேற்பதும் உண்டு. இரவிலேயே பிறந்தால் அன்றா, அடுத்த வாரமா என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் மாறும். ஒரு பிற்பகலில் எனக்குத் தெரிந்த அயலார் ஒருவர் பிரசவ வார்டிலிருந்து தம் அண்டை வீட்டுக்குத் தொலைபேசியில் "மேல் தட்டில் உள்ள ஆறு பைகளை எடுத்து மேசையில் வைத்துவிடுங்கள்" என்று மட்டும் சொன்னார். இரவு 8 மணிக்குக் கூட்டம் வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. பொட்டலத்தில் தெளிவாக எழுத வேண்டும் என்று மேலே வற்புறுத்தியது இதற்காகத்தான்.

பிரசவ நாள் பெசாக் (பாஸ்கா) பண்டிகையை ஒட்டி வருகிறது. என்ன செய்வது?

எல்லாவற்றிலும் சிக்கலானது இது. பெசாக் நாள்களில் புளித்த மாவுப் பொருள் எதையும் வைத்திருக்கவே கூடாது. ஃப்ரீசரில் அடுக்கிய ருகெலாஹும் அதில் அடங்கும். பண்டிகைக்கு முன் உண்டு தீர்க்க வேண்டும், அல்லது ரபி வழியாக யூதரல்லாதவருக்கு முறைப்படி விற்று, பண்டிகை முடியும் வரை தனியே மூடி வைக்க வேண்டும். பெசாக் வாரத்தின் வெள்ளி இரவில் ஷாலோம் ஸாகார் வந்தால், அஷ்கெனாசிகள் அந்நாள்களில் பருப்பு வகைகளையும் தவிர்ப்பதால், கொண்டைக்கடலையும் இல்லை; புளித்த தானியத்தில் செய்தது என்பதால் பீரும் இல்லை.

பெசாக் சமயத்தில் பிரசவம் எதிர்பார்க்கும் வீடுகளில், சமையலறையைப் பெசாக்குக்கு மாற்றிய பிறகு, பாதாம்பொடியும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்த பிஸ்கட்டும், உருளைக்கிழங்கு மாவில் செய்த எண்ணெய் கேக்கும் சுட்டுத் தனித் தட்டில் உறைய வைப்பார்கள். இரண்டும் உறைவதையும் உருகுவதையும் நன்றாகத் தாங்கும். பெசாக்குக்கு மூன்று வாரம் இருக்கும்போது என்னிடம் யாராவது கேட்டால், ஈஸ்ட் பலகாரத்தில் இரண்டு பை மட்டும் வையுங்கள், மீதி உழைப்பைப் பாதாம் பிஸ்கட்டில் போடுங்கள் என்றே சொல்வேன்.

மிஞ்சியதை மறுபடியும் உறைய வைக்கலாமா?

மேசையில் பிரித்து வைத்ததை வேண்டாம்; மறுநாள் காலை வருபவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். பிரிக்காத பைகளில் உருகிய உலர் பலகாரத்தை ஷப்பாத் முடிந்ததும் திரும்ப வைக்கலாம், மென்மை சற்றுக் குறையும். தொடாத பைகள் ஃப்ரீசரிலேயே இருக்கட்டும். பிறந்த நாளையும் சேர்த்து எண்ணினால் எட்டாம் நாள் காலையில் பிரித் மிலா. அன்று தொழுகை முடிந்து வருபவர்களுக்குக் காப்பியுடன் வைக்க அந்தப் பைகள் உடனே வேண்டியிருக்கும்.